செவ்வாய் மந்திரி இறங்கிய இடம்

1938 ஆவணி, வெள்ளி இரவு.

மகளின் கலியாணம் பேச இன்று மாப்பிள்ளையின் தகப்பனார் கோப்பாயிலிருந்து வந்தார். கதிரையில் உட்காருமுன்னே நான் பத்திரிகையில் எழுதும் தொடர்கதையைப் பேச்சுக்கு இழுத்தார்.

"உங்கடை செவ்வாய்க்கிரக மந்திரியம்மா, சீதனம் வாங்கினால் மறியல்வீட்டிலை அடைக்கிறது எண்டு சட்டம் போட்டிட்டாவாம்?"

"சும்மா பகிடிக்கு, அண்ணை" என்று இளித்தேன்.

"நல்ல பகிடி. ஆனா அவ இருக்கிறது செவ்வாயிலை, நாங்கள் இருக்கிறது கோப்பாயிலை. உங்கடை மனுசியின்ரை சீதனக் காணியைப் பிள்ளைக்கு எழுதுவியள்தானே?"

"ஓம்" என்று எனக்கு முந்தி மனைவி சொன்னாள்.

மகளுக்கு மாப்பிள்ளையை மிகவும் பிடித்துவிட்டது. இது குழம்பினால் அவள் என்னோடு கதைக்கவே மாட்டாள்.

அந்த மனிதர் ஒரு கிழமையும் விடாமல் என் கதையை வாசிக்கிறாராம். நாளை வரும் இதழ் அச்சாகிவிட்டது. அதில் சீதனக்காரரைப் பிடிக்க மந்திரி ஆகாயக் கப்பலில் பூமிக்கு வருகிறாள். அவளை மேதாவியாகிய நான் கோப்பாயிலேயே இறக்கிவிட்டேன்.

மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.