கிணற்றடிக் குசினி

கரம்பொன்,
15 யூன் 1938

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். பிள்ளையின் காய்ச்சல் மாறியிருக்கும் என்று நம்புகிறேன்.

அனுமதி எடுக்காமல் கிணற்றடியில் சமையலுக்குக் குசினி கட்டிய வழக்கு நேற்று முடிந்தது. குசினியை ஒரு மாதத்துக்குள் இடிக்கவேண்டும் என்று தீர்ப்பு.

பெயர் போடாமல் எங்கள்மேல் பெட்டிசம் எழுதிப் போட்டது பக்கத்து வளவுச் சவிரிமுத்து அண்ணைதான் என்று நினைத்து, இவ்வளவு நாளும் அவரோடு கதைக்காமல் இருந்தேன். நேற்று அதைக் கோட்டில் நீதவான் முன்னால் வாசித்தார்கள். குசினிச் சுவர் கிணற்றிலிருந்து ஏழே அடி தூரத்தில் இருக்கிறது என்று எழுதியிருந்தது.

வெளியே வந்ததும், வழக்குப் பார்க்க வந்திருந்த சவிரிமுத்து அண்ணை, "பிள்ளை, உம்மடை கிணத்தடிக்கு நான் ஒருநாளும் வந்தனானோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை" என்றேன். முகம் பார்க்க முடியவில்லை.

சரவணையிலிருந்து நீ வந்திருந்த அன்றுதான் உன் அத்தான் அந்தச் சுவருக்கு நூல் பிடித்தார். கிணற்றுப் பக்கத்து நுனியைப் பிடித்து ஏழடி என்று சொன்னது நீ. எங்கள் மூவரைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை. அம்மா இந்தக் காணியை எனக்கு எழுதியது உனக்குக் குறை என்பதும் தெரியும். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அத்தான் இன்று இடிக்கத் தொடங்கிவிட்டார்.

திருநாளுக்கு வழக்கம்போல வா. முன் விறாந்தையில் நீ இருக்கக் கதிரை போட்டு வைப்பேன். தண்ணீர் நானே கொண்டுவந்து தருவேன். கிணற்றடிக்கு நீ வரவேண்டாம்.

இப்படிக்கு,
உன் அக்கா