சாசிப் வீட்டுக் குழாயும் உன் வாப்பாவின் ஹெட்போனும்

அன்பு மகன் முஹன்னத்துக்கு,

பஸ்ராவிலிருந்து உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான், உன் வாப்பா, உன் தங்கை ரஃபல் மூவரும் உயிரோடு இருக்கிறோம், வீட்டுச் சுவர்தான் சுகமில்லை. நீயும் அந்த மால்மோ குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லக்கூடாதா என்பாய். ஃபோனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை கத்துகிறாய், பிறகு நான் கத்துகிறேன், பிறகு ஃபோன் செத்துவிடுகிறது. கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, உட்கார்ந்து முழுவதையும் படி. டிக்கெட் போட்டுவிட்டேன், வந்து அந்தப் பக்கத்து வீட்டு சாசிப்பை, அவன் சந்துக்குக் கரண்ட் விற்கிற ஜெனரேட்டரோடு சேர்த்துக் கொளுத்துகிறேன் என்று சொன்னாயே, அந்த டிக்கெட்டை நீ ரத்து செய்யவேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். ரஃபலின் தோழி உன் ஊருக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

நீ ஆசையாக அனுப்பிய ஹெட்போன் வந்து இறங்கிய நாளிலிருந்தே இந்த வீட்டில் நிம்மதி போயிற்று. உன்னைக் குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற மனுஷன், பழைய மக்காம் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டு ஒரு மூலையில் கிடக்கட்டும் என்று நீ நினைத்தாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். அவரோ அதற்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். காதில் அழுந்துகிற அந்த மெத்தை தோலாக இருந்தால் ஒரு மாதிரி கேட்கிறதாம், வெல்வெட்டாக இருந்தால் வேறு மாதிரியாம், மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு எது தேவலன்னு என்னையே கேட்பார், மாட்டியிருப்பது அவர் தலையில், நான் என்னத்தைச் சொல்ல. கழுதையைக் கட்டலாம் போல ஒரு தடித்த ஒயர் வாங்கி வந்தார், அதில் கேட்டால் ஊத் வாத்தியத்தின் நரம்பில் விரல் தேய்வது கூடக் கேட்குமாம். கம்ப்யூட்டரில் அடி ஒலிக்கு ஒரு கோடு, கீச்சு ஒலிக்கு ஒரு கோடு என்று வைத்துக்கொண்டு மயிரிழை ஏற்றுவார், மயிரிழை இறக்குவார், சோறு ஆறிப்போகும். எல்லாம் படிந்து வந்தபின் ஒரு உறுமல் மட்டும் மிச்சம் இருந்தது. அரசாங்கக் கரண்ட் இருக்கும்போது லேசாக, சாசிப்பின் ஜெனரேட்டருக்கு மாறிவிட்டால் ஒரேயடியாக. சந்து முழுக்க என் காதுக்குள்ளாற ஓடுதுடின்னு புலம்புவார். அதைக் கண்டுபிடிக்கிறேன் என்று ஆகஸ்ட் வெயிலில் ஏசியை நிறுத்து, ஃபிரிட்ஜை நிறுத்து, மோட்டாரை நிறுத்து என்று எங்களை வாட்டி எடுத்துவிட்டார். ரஃபல் ஒருநாள் மயக்கம் போட்டுக் கீழே விழுந்தாள், அப்போதும் ஹெட்போனைக் கழற்றாமல் கையால் சைகை காட்டி, என்னாச்சு அவளுக்கு என்று கேட்டார்.

அப்போதுதான் நீ, எர்த் குடுங்க வாப்பா, எர்த் இல்லாமத்தான் உறுமுது என்றாய். நம் வீட்டுச் சுவரில் மூன்றாவது ஓட்டை இருக்கிறதே தவிர அதற்குப் பின்னால் ஒன்றும் கிடையாது, இந்தச் சந்தில் யார் வீட்டிலும் கிடையாது. மண்ணில் கம்பி அடிக்கலாம் என்றால் கொத்தினால் உப்புத்தண்ணி வருகிறது, கம்பி துருப்பிடித்துப் போகும் என்று அவர் முற்றத்து இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டார். ரேடியோ காலத்திலிருந்து எல்லாரும் குழாயில்தான் கட்டுகிறார்கள் என்று சொல்லி, ஹெட்போனுக்குப் பாட்டு கொடுக்கிற தன் பெட்டியெல்லாம் செருகியிருக்கும் அந்த நீளமான ப்ளக் பலகையிலிருந்து ஒரு கம்பியை இழுத்துக் குழாயில் முறுக்கிவிட்டார். உறுமல் நின்றது. கத்தியால் அறுத்ததுபோல நின்றது. மனுஷன் வந்து என் நெற்றியில் முத்தமிட்டார், நம் கல்யாணத்தன்று கூட இவ்வளவு அமைதி இல்லை உம்மு முஹன்னத் என்றார். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

மறுநாள் முற்பகல் நானும் ரஃபலும் மீன் வாங்க மார்க்கெட் போயிருந்தோம். தொட்டால் கிள்ளுகிற நம் பழைய ஏர்கூலர் இருக்கிறதே, அதுவும் அதே பலகையில்தான் செருகியிருந்தது. அது இத்தனை நாள் நம்மை மட்டும் கிள்ளிக்கொண்டிருந்த கரண்ட் முழுக்க இப்போது அந்தக் கம்பி வழியாகக் குழாய்க்குப் போய்விட்டது. நம் குழாயும் சாசிப் வீட்டுக் குழாயும் சுவருக்குள் ஒன்றுதான். அவன் மனைவி நாஹிதா தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யக் குழாயைத் திறந்திருக்கிறாள், ஈரக் கையில் பிடித்து உதறி எறிந்துவிட்டது. மணிக்கட்டு முறிந்து, உள்ளங்கை கருகி, முன்பல் இரண்டும் முற்றத்துச் சிமெண்டில். சாசிப்புக்கு எங்கிருந்து வந்தது என்று உடனே தெரிந்துவிட்டது, கரண்ட் விற்கிறவனுக்குத் தெரியாதா. நேராக நம் வாசலுக்கு வந்தான். நம் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியும், அடிபட்ட வீட்டான் வாசலில் நின்றால் தலை போகிற வேலையானாலும் கதவைத் திறக்கவேண்டும், திறக்காமல் உள்ளே இருப்பது அவன் முகத்தில் துப்புவதற்குச் சமம். அவன் தட்டினான், உதைத்தான், பேர் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான். உன் வாப்பா நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, தலையை ஆட்டி, சிரித்துக்கொண்டிருக்கிறார்.

சாசிப் போய் நம் லைனை அறுத்தான். பாட்டு நடுவில் அறுந்ததும் உன் வாப்பாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. என்ன ஏது என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஜெனரேட்டர் கொட்டகைக்கு ஓடினார். அங்கே சாசிப் மனைவியை காரில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். டேய் திருட்டுப் பயலே, காசு வாங்கிட்டு என் கரண்டையா அறுக்கிறே என்று கேட்டுக்கொண்டே ஸ்பானரால் அவன் நெற்றியில் போட்டார். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கிவிட்டது. அவனும் விடவில்லை, தாடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி விலாவில் மிதித்தான். இருவரும் டீசல் சேற்றில் நாய்கள் போல உருண்டார்கள், ஒருவர் கையை ஒருவர் கடித்தார்கள், அறுபது தாண்டிய மனுஷர்கள். முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு நாஹிதா காருக்குள் இருந்து இதையெல்லாம் பார்த்திருக்கிறாள். ஆட்கள் பிரித்துவிட்டார்கள். இவர் வீட்டுக்கு வந்து, மீனோடு வந்த என்னிடம், அவனுக்கு நல்லாக் குடுத்தேன் என்று மார்தட்டினார். எனக்குச் சந்து முனையிலேயே பெண்கள் எல்லாம் சொல்லிவிட்டார்கள். மீன் பையாலேயே அவர் முகத்தில் அறைந்தேன், ஆமாம், அறைந்தேன். அடப்பாவி மனுஷா, அவ கையை ஒடச்சதும் நீ, அவன் மண்டையை ஒடச்சதும் நீயா என்று கேட்டேன். குழாயில எப்படிடி கரண்ட் வரும் என்றார். அதற்குள் அரசாங்கக் கரண்ட் வந்திருந்தது, டெஸ்டரை எடுத்துப்போய்க் குழாயில் வைத்தார், விளக்கு எரிந்தது. கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உன் பெரிய வாப்பா தியாபுக்கு ஃபோன் போட்டேன். அஸர் தொழுகைக்குப் பிறகு, நபி வழிவந்த ஒரு செய்யிதை அழைத்துக்கொண்டு வருகிறேன், நாமே முந்திக்கொண்டு சமாதானம் கேட்டுவிடலாம், அதுவரை யாரும் வெளியே தலை காட்டாதீர்கள் என்றார். அரசாங்கக் கரண்டும் மறுபடி போய்விட்டதால் உன் வாப்பா கார் பேட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து அந்தப் பெட்டியை அதில் மாட்டி மறுபடியும் ஹெட்போனைப் போட்டுக்கொண்டார். காத்திருக்கிற நேரத்தில் காதைத் திறந்து வைக்கக்கூடாதா? இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கொலைவெறி வருகிறது. பெரிய வாப்பா வருமுன் சாசிப்பின் குலத்து ஆட்கள் வந்துவிட்டார்கள், இரண்டு பிக்கப் வண்டியில். வழக்கம் என்னவோ சுவரில் உயரமாகச் சுட்டுவிட்டு, பேச வாடா என்று எச்சரிப்பதுதான். ஆனால் துப்பாக்கி பிடித்தவர்கள் இளவட்டங்கள், கை எங்கே நின்றது. முதலில் மாடித் தண்ணீர்த் தொட்டி, பிறகு வாசல் விளக்கு, பிறகு ஜன்னல். நானும் ரஃபலும் அடுப்படித் தரையில் குப்புற விழுந்துவிட்டோம், அவள் அலறுகிறாள். கதவிடுக்கில் பார்த்தால் உன் வாப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். மேலிருந்து காரை உதிர்ந்து பெட்டிமேல் விழுகிறது, அதை வாயால் ஊதித் தட்டிவிடுகிறார் முஹன்னத், தூசி என்று ஊதுகிறார். நான் வயிற்றால் தேய்த்துக்கொண்டே போய் அந்தக் கழுதைக் கயிற்று ஒயரைப் பிடித்து என் பலம் முழுவதையும் கூட்டி இழுத்தேன். ஹெட்போன் கழன்று என் மடியில் வந்து விழுந்தது, அவர் பக்கவாட்டில் சரிந்தார், அவர் தலை இருந்த இடத்தில் நாற்காலியின் முதுகு சிதறியது. ஜன்னல் கம்பியில் பட்டுத் தெறித்த இரும்புத் துண்டு ஒன்று அவர்மேல் பாய்ந்தது. அந்த ரத்தம் என் கையில் சூடாக வழிந்தது. அதற்குமேல் எனக்குப் புத்தி இல்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த டீக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். பெண்ணைச் சுட்டால் அவர்கள் குலத்துக்கே மானம் போகும், அந்தத் தைரியம்தான். சுடுங்கடா ஆம்பளைங்களா, என்னையும் சுடுங்கடா என்று கத்திக்கொண்டே பிக்கப் ஓட்டினவன்மேல் வீசினேன். தோள் வெந்து ஊளையிட்டான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு துளி வருத்தம் எனக்கு இல்லை.

மூன்றாம் நாள் சந்திலேயே கூடாரம் போட்டுப் பஞ்சாயத்து நடந்தது, நானும் ரஃபலும் மாடியிலிருந்து பார்த்தோம். உன் பெரிய வாப்பா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சமாதானம் என்று வாக்குக் கொடுக்கும்வரை குடிக்கமாட்டேன் என்றார். சாசிப் நெற்றிக் கட்டோடு எழுந்து, என் பொண்டாட்டி விழுந்து கெடக்கா, நான் கதவ ஒடைக்கிறேன், இந்த மனுஷன் உள்ள ஒக்காந்து தலைய ஆட்டிச் சிரிக்கிறாரே, எந்த ஆம்பள பொறுப்பான் என்று அழுதுவிட்டான். உன் வாப்பா எழுந்து போய் எல்லார் முன்னாலும் அவன் தோளில் முத்தமிட்டார், கம்பி கட்டுனது என் கைதான், ஒங்க வீட்டுக்காரி கையும் என் கணக்கு, ஒங்க நெத்தியும் என் கணக்கு என்றார். காப்பியைக் குடித்தார்கள். ஆனால் எழுந்திருக்குமுன் சாசிப் ஒன்று கேட்டான், வெளிநாட்டுல இருக்கிற ஒங்க மகன் இதை ஒத்துக்குவானா என்று. உன் பெரிய வாப்பா தன் தாடியைப் பிடித்து, முஹன்னத்துக்கு நான் ஜாமீன் என்றார். இப்போது நீ வந்து இறங்கினால், உன் பெட்டியில் துணிமணி மட்டும் இருந்தாலும் துப்பாக்கி இருப்பதாகத்தான் நினைப்பார்கள். நீ வாயைத் திறந்து ஒரு வசவு சொன்னால் பெரிய வாப்பாவின் முகத்தில் கரி. மறுபடி பிக்கப் வரும், இந்தமுறை நம் பையன்களும் ஏறுவார்கள். அப்போது தூக்கப்போகிற ஜனாஸா யாருடையது என்று எனக்குத் தெரியாது, உன்னுடையதாக இருக்கக்கூடாது.

உன்னிடம் ஃபோனில் சொல்லாதது ஒன்று இருக்கிறது. காயம் வெறும் கீறல் என்றேன் அல்லவா. இரும்புத் துண்டு வலது காதுக்குள் போய்விட்டது. எடுத்துவிட்டார்கள், ஆனால் அந்தப் பக்கம் இனிமேல் கேட்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஹெட்போன் காதிலேயே இருந்திருந்தால் காது தப்பியிருக்குமோ என்று நான் புலம்புகிறேன், தலை போயிருக்கும் பெண்ணே என்று அவர் என்னைத் தேற்றுகிறார். பஞ்சாயத்தில் செய்யிது, உன் பக்கத்துக் காயம் என்ன என்று கேட்டார். காது என்று சொல்லியிருந்தால் அவ்வளவுதான், காதுக்கு ஈடு, அதற்கு எதிர் ஈடு என்று பிள்ளைகள் காலத்துக்கும் இழுத்திருக்கும். ஒரு கீறல், சொவத்துக் காரை பட்டுது என்றார் உன் வாப்பா. எல்லாரும் தன் இடது பக்கம் இருக்கும்படி வலது ஓரத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எனக்கும் ரஃபலுக்கும் தவிர யாருக்கும் தெரியாது, பெரிய வாப்பாவுக்கும் தெரியாது. உனக்குத் தெரியவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார், அதை உடைத்துத்தான் எழுதுகிறேன், அல்லாஹ் மன்னிப்பான்.

இப்போது அவர் ஒவ்வொரு பாட்டையும் இருமுறை கேட்கிறார். முதலில் ஹெட்போனை நேராக மாட்டிக் கேட்கிறார், அதில் பாடுகிறவன் இருக்கிறான், ஊத் இல்லை. பிறகு வலது பக்கம் இடது காதுக்கு வரும்படி முன்பின்னாகத் திருப்பி மாட்டிக்கொண்டு முதலிலிருந்து போடுகிறார், அப்போது ஊத் வருகிறது, பாடுகிறவன் தூரப் போய்விடுகிறான். இரண்டையும் மனதுக்குள் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார். அந்தப் பெட்டியில் இரண்டு பக்கத்தையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவர ஏதோ ஒயர் உண்டாமே, ரஃபல் சொன்னாள், உன்னிடம் கேட்டால் நீ ஏன் என்று கேட்பாய் என்று அவர் கேட்கவில்லை. உனக்கு இங்கே வந்து ஏதாவது செய்துதான் தீரவேண்டும் என்றால் அங்கேயே உட்கார்ந்து இதைச் செய். ரஃபல் தனக்காகக் கேட்டாள் என்று சொல்லி அனுப்பு.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பொறுமையையும் தரட்டும், உன் வாப்பாவிடம் இல்லாததை உனக்காவது தரட்டும். காதை மூடிக்கொண்டு தெருவில் நடக்காதே. டிக்கெட்டை மறக்காமல் ரத்து செய். அவர் வெள்ளிக்கிழமை ஃபோன் செய்வார், என்ன சொன்னே என்ன சொன்னே என்று திரும்பத் திரும்பக் கேட்பார், எரிந்து விழாதே. இரண்டு காதும் உள்ள மனுஷனிடம் பேசுவதுபோலப் பேசு.

துஆவுடன் உன்னைப் பெற்றவள்,
சப்ரியா, உம்மு முஹன்னத்