துரை பார்க்க வேண்டிய குழி

கார்த்திகை 3, திங்கட்கிழமை

மழை. காலையிலிருந்து விட்டு விட்டு. பள்ளிக்கூடப் பாவாடை காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்தியதில் ஒரே புகை நாற்றம். பூகோளத்தில் ஆறுகள் மனப்பாடம்: பாதி.

நேற்று நடந்ததை எழுத வேண்டும். அக்காவுக்கு மாதம் நிறைந்துவிட்டது. நர்சம்மாவைக் காசிம் பாய் தன் குதிரைவண்டியில் அழைத்து வந்தார். எங்கள் சந்து முனையில் சக்கரம் குழிக்குள் இறங்கி வண்டி சாய்ந்துவிட்டது. குழி என்றால் சின்னக் குழி இல்லை. சிராங்கூன் ரோட்டிலிருந்து சந்துக்குள் திரும்பும் இடத்தில், இந்தப் பக்கச் சாக்கடையிலிருந்து அந்தப் பக்கச் சாக்கடை வரை. பால்காரர்களின் மாடுகளே நின்று யோசித்துத்தான் இறங்குகின்றன. நர்சம்மா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். முகம் சுளிக்கவில்லை. நல்லவர்.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டது, நர்சம்மா அம்மாவிடம்: "குழந்தை குறுக்கே கிடக்கும்மா. வலி கண்டதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துடணும். ரிக்‌ஷா ஆகாது. படுக்க வைச்சு, குலுங்காம."

அக்காவின் முதல் குழந்தை தங்கவில்லை. அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

காசிம் பாய் அம்மாவிடம்: "உங்க மக எனக்கும் பொண்ணு மாதிரிதான், தங்கச்சி. ஆனா குதிரைக்குக் கால் போச்சுன்னா என் வீட்டுல அடுப்பு எரியாது. முனையச் சரி பண்ணுங்க, வாசப்படி வரைக்கும் வண்டியக் கொண்டாறேன் லா."

அவர் மேல் கோபம் வரவில்லை. குதிரையின் முழங்காலில் ரத்தம்.

கார்த்திகை 4, செவ்வாய்

தூறல். பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவின் தவிட்டுக் கடைக்குப் போய் அவரையும் கூட்டிக்கொண்டு, ரோட்டு வேலையை மேற்பார்க்கும் ஓவர்சியரைப் பார்க்கப் போனேன். (இனி ஓ. என்று எழுதுவேன். மை மிச்சம்.) தேக்காச் சந்தைப் பக்கம் டிராம் தண்டவாள ஓரத்தில் ஆட்களை வைத்துக் கல் கொட்டிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். உயரம். குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைகிறார்!

அப்பா தயங்கித் தயங்கிப் பேசினார். ஓ. என்னைப் பார்த்து, "நீ சொல்லு பிள்ளை, வடிவாச் சொல்லு" என்றார். சொன்னேன்.

எந்த ரோட்டை முதலில் பழுது பார்ப்பது என்று எப்படி முடிவு செய்வீர்கள் என்றும் கேட்டேன். அப்பா என் சடையை இழுத்தார். ஓ. கோபிக்கவில்லை. டிராம் போகிற ரோடும் ஆஸ்பத்திரி ரோடும் முதலாம். தீயணைக்கும் வண்டி போகிற வழி அடுத்தது. பிறகு சந்தை. சந்துகள் கடைசி. சந்துகளிலும் எந்தக் குழி ஆழமோ, எதில் சக்கரம் முறிகிறதோ, அது முன்னால். நியாயமாகத்தான் இருக்கிறது. எங்கள் சந்து கடைசி என்பதுதான் வருத்தம்.

பிறகு அவரே எங்களோடு நடந்து வந்து பார்த்தார். குடைக்கம்பியை உள்ளே விட்டார். "மேலால கல்லுப் போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. அடியில செங்கல் வாய்க்கால் இடிஞ்சு போச்சு. தோண்டிக் கட்ட வேணும்." அதற்கு என்ஜினீயர் துரை உத்தரவு வேண்டுமாம். "சனிக்கிழமை துரை இந்தப் பக்கம் சுத்திப் பார்க்க வருவார். அவர் கண்ணால காண வேணும். கண்டால் செய்வார். நல்ல மனுசன்."

குழியைச் சுற்றி ஆள் விட்டுச் சுண்ணாம்பால் வட்டம் போட வைத்தார். சுண்ணாம்பு வட்டம் இருந்தால் பழுது பார்க்கும் இடம் என்று அர்த்தம்.

அக்காவிடம் ஓடிச் சொன்னேன். "எனக்காகவா வட்டம் போட்டாங்க?" என்று சிரித்தாள். பல நாளாகச் சிரிக்கவில்லை.

இன்றைக்கு நன்றி: ஓ.வுக்கு. சடையை மெதுவாக இழுத்த அப்பாவுக்கு. சிரித்த அக்காவுக்கு.

கார்த்திகை 8, சனி

வெயில்! என்ன எழுதுவது. அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது.

துரை வரப்போகிறார் என்ற செய்தி சந்து முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் சந்துக்கு இதுவரை எந்தத் துரையும் வந்ததில்லை. பால்காரர் வீட்டு அலமேலு அத்தைதான் எங்கள் சந்துக்கு ராணி மாதிரி. விடியும்போதே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முனையில் நின்றார்.

"ஏன்டி, வீட்டுக்கு வர்ற விருந்தாளிய இந்தச் சேத்துலயா நிக்க வைக்கிறது? நம்மள என்னான்னு நினைப்பாரு?"

அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு வேலை. தேங்காய் மட்டை, உடைந்த ஓடு, சாம்பல், அப்பா கடைத் தவிட்டு மூட்டைச் சாக்கு, எல்லாம் குழிக்குள். மேலே மணல். அதன் மேல் சாணி மெழுகினார்கள். சுண்ணாம்பு வட்டம் சாணிக்கு அடியில் போய்விட்டது. இரண்டு பக்கமும் வாழை மரம். மாவிலைத் தோரணம். கோலம் நான் போட்டேன், அத்தை கேட்டுக்கொண்டதால். தாமரைக் கோலம். நன்றாகவே வந்தது.

துரை வந்தார். கூடவே ஓ. அத்தை மாலை போட்டார். இளநீர் கொடுத்தார்கள். துரை குடித்தார். கோலத்தை மிதிக்காமல் தாண்டிக் காலை வைத்தார்! சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துத் தலையாட்டிவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது. இவ்வளவு நன்றாக வைத்திருக்கும் சந்தை அவர் பார்த்ததே இல்லையாம். வேலையை அடுத்த சந்தில் தொடங்கலாம் என்றார்.

ஓ.வின் முகம்! துரை முன்னால் நடந்ததும் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, "உங்களை ஆர் இதை மூடச் சொன்னது?" என்றார்.

அத்தை: "பெரிய மனுசர் வரும்போது ஓட்டையையா காட்டுவாங்க?"

காசிம் பாய் வண்டியில் உட்கார்ந்தபடியே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "வைத்தியரு வாராருன்னு நோயாளிய ஒளிச்சு வெச்சிட்டியளே!"

எல்லாருக்கும், ஓ. சொன்னதைக் கேட்டிருந்த எனக்கும் அப்பாவுக்கும்கூட, அப்போதுதான் உறைத்தது. அக்கா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

கார்த்திகை 9, ஞாயிறு

பெருமழை. மட்டை, சாக்கு, தாமரைக் கோலம் எல்லாம் சாக்கடையோடு போயிற்று. குழி முன்னைவிட ஆழம்.

அக்காவைக் கட்டிலில் வைத்து ரோடு வரை தூக்கிப் போகலாம் என்று அப்பா சொன்னார். ஒத்திகை பார்க்கலாம் என்று அலமேலு அத்தை தானே கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார். பால்கார மாமாக்கள் தூக்கினார்கள். குழி ஓரத்தில் ஒருவருக்குக் கால் வழுக்கிற்று. அத்தை, கட்டில், மாமாக்கள், எல்லாரும் தண்ணீரில்.

"என்னைய எங்கடா போட்டீங்க!"

"உனக்கு எடை ஜாஸ்தி!"

சிரித்தோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அது அக்காவாக இருந்திருந்தால் என்று நினைத்திருப்பார். நானும் நினைத்தேன்.

மத்தியானம் அக்காவுக்கு லேசான வலி. பிறகு நின்றுவிட்டது. அம்மா விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு ஆறுகள் ஏறவில்லை.

கார்த்திகை 10, திங்கள்

பள்ளிக்கூடம் போகும் வழியில் அ. அத்தையோடு (அலமேலு அத்தை, இதிலும் மை மிச்சம்) ஓ.வைப் பார்த்தேன். அடுத்த சந்தில், தகரக்காரர்கள் தெருவில், கல் இறக்கிக்கொண்டிருந்தார். அத்தை தலை குனிந்து நின்றார். இப்படி நின்று நான் பார்த்ததில்லை.

ஓ. கொஞ்ச நேரம் திட்டினார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "துரை சொன்னதை நான் மாத்தேலாது அம்மா. ஆனால் காலமை அவர் சைக்கிளில இந்த ரோட்டாலதான் போறவர். அவர் காணுற மாதிரிச் செய்யுங்கோ. இந்த முறை மாலை வேண்டாம்."

வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டது காதில் விழவில்லை. என்னவென்று கேட்டார். சொன்னேன். தண்டனை கொடுக்காமல், துரையிடம் இங்கிலீஷில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். இடைவேளை முழுக்க எனக்காக. நன்றி, நன்றி.

கார்த்திகை 11, செவ்வாய்

மேகம். மழை இல்லை.

விடிந்ததும் அ. அத்தை சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கி நின்றுவிட்டார். கலங்கல் தண்ணீர் முழங்காலைத் தாண்டிற்று. டிராமில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சீனக் காய்கறிக்காரர் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். "பாக்கட்டும், பாக்கத்தான நிக்கிறேன்" என்றார் அத்தை.

துரை வந்தார். அத்தையை அடையாளம் தெரிந்துகொண்டார். சைக்கிளை நிறுத்தினார்.

டீச்சர் சொல்லிக் கொடுத்த வாக்கியம் அத்தனையும் மறந்து போயிற்று. தெரிந்த சொற்களை வைத்துச் சொன்னேன்: நீங்கள் எங்கள் விருந்தாளி. அதனால் குழியை மறைத்தோம். என் அக்காவுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. வண்டி உள்ளே வர வேண்டும்.

அவர் சிரிக்கவில்லை. அத்தை கால் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்தார். அத்தை வெளியே வரக் கையைக் கொடுத்தார். அத்தை அந்தக் கையைப் பிடிக்காமல் தானே ஏறி வந்தார், கூச்சம். துரை ஓ.வைக் கூப்பிட்டு இன்றைக்கே ஆரம்பிக்கச் சொன்னார். ஆனால் கல்லும் ஆளும் தகரக்காரர்கள் தெருவில் அல்லவா இருக்கிறது. அவர்களிடமிருந்து எடுத்தால் அவர்கள் காத்திருக்க வேண்டும். எனக்கு அது கஷ்டமாக இருந்தது. ஓ. போய்க் கேட்டபோது நானும் கூடப் போனேன்.

தகரக்கார முத்து அண்ணன் சுத்தியலைக் கீழே வைக்காமலே சொன்னார்: "எடுத்துட்டுப் போங்க. எங்க குழி எங்கயும் போயிடாது. புள்ள காத்து நிக்குமா?"

அவரே கல் வண்டியைத் தள்ளவும் வந்தார்.

கார்த்திகை 12, புதன்

பள்ளிக்கூடம் போகவில்லை, அம்மாவுக்குத் துணை. நாள் முழுக்க ஜன்னலில் அக்காவும் நானும். வேலை செய்கிற முறை: முதலில் தண்ணீரை இறைத்தார்கள். இடிந்த வாய்க்காலைத் தோண்டி எடுத்தார்கள். புதுச் செங்கல், சுண்ணாம்புக் காரை. அதன் மேல் பெரிய கருங்கல். மேலே சின்னக் கல். அப்புறம் செம்மண், தண்ணீர் தெளித்து. நீராவி ரோலர் சந்துக்குள் திரும்பாது. ஆகவே மாடு பூட்டிய கல் உருளை. மாடுகள் எங்கள் பால்கார மாமா வீட்டு மாடுகள்! அவர் தானாகக் கொடுத்தார்.

ஆட்கள் எல்லாருக்கும் அம்மா மோர் கொடுத்தாள். ஒருவர் மற்றவரிடம்: "டிராம் ரோட்டுல வேலை செஞ்சா யாரு மோரு தர்றா? இனி சந்து வேலைதான் கேட்டு வாங்கணும்."

ஓ. போகும்போது எச்சரித்தார். காய வேண்டும். இரண்டு நாள் வண்டி ஏறக் கூடாது.

அக்கா வயிற்றைத் தடவிக்கொண்டு, "கேட்டியா? இரண்டு நாள் பொறு" என்றாள்.

கார்த்திகை 13, வியாழன்

பொறுக்கவில்லை. காலையிலேயே வலி.

அப்பா காசிம் பாயைத் தேடி ஓடினார். நான் ஓ.வைத் தேடி ஓடினேன். செம்மண் இன்னும் ஈரம், கால் வைத்தால் பதிகிறது. சக்கரம் ஏறினால் எல்லாம் கெட்டுப்போகும், வண்டியும் குலுங்கும். ஓ. ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பலகையைக் கொண்டு வாங்கோடா!" என்று கத்தினார். தகரக்காரர்கள் தெருவிலிருந்து ஆட்கள் பலகைகளோடு ஓடி வந்தார்கள். முனை முழுக்கப் பாலம் மாதிரி பரப்பி, மேலே வைக்கோல். வைக்கோல் அலமேலு அத்தை வீட்டுத் தொழுவத்திலிருந்து.

காசிம் பாய் இறங்கிக் குதிரையின் முகத்தைக் கையால் அணைத்து, காதில் ஏதோ ஓதிக்கொண்டே நடத்தி வந்தார். சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ரோட்டு ஆட்கள், வண்டியைத் தோளால் தாங்கியபடி. வாசப்படி வரை வந்தது வண்டி! மெத்தை போட்டு அக்காவைப் படுக்க வைத்தார்கள். அம்மா கூட ஏறினாள்.

திரும்பிப் போகும்போது சந்தில் ஒரு சத்தம் இல்லை. பலகை முனகியது மட்டும். பெரிய ரோட்டில் ஏறியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். அ. அத்தை உட்கார்ந்து அழுதார். ஓ. குடையை விரித்துக்கொண்டார், மழையே இல்லை.

இதை எழுதும்போது இன்னும் செய்தி வரவில்லை. முருகா.

கார்த்திகை 14, வெள்ளி

வெயில். பெண் குழந்தை. டாக்டர் கையால் திருப்பி எடுத்தாராம். அழுகிறது, பால் குடிக்கிறது, தலை நிறைய முடி.

மத்தியானம் அப்பா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நீளமான அறை. வெள்ளைப் படுக்கை. அக்கா வெளுத்திருந்தாள், ஆனால் கண்ணில் வெளிச்சம். குழந்தையின் விரலை என் விரலில் பிடித்துக்கொள்ள வைத்தாள்.

நேற்று நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, வைக்கோல், தோளில் தாங்கிய ஆட்கள், அத்தை அழுதது. முனையைத் தாண்டும்போது ரொம்பப் பயமாக இருந்ததா என்று கேட்டேன்.

"முனையா? எப்போ தாண்டினோம்? வலி கொஞ்சம் விட்டுச்சு. கண்ணு அசந்துட்டேன்டி, ஒரு குலுக்கலும் தெரியல. அம்மா எழுப்பினப்ப ஆஸ்பத்திரி வாசல்."

மணி அடித்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வெளியே போக வேண்டுமாம்.