சுவரோரம் உட்கார்ந்திருப்பவள்

மரக்காணம்
6-6-2005

மரியே வாழ்க!

லூர்துமேரிக்கு சவரிமுத்து எழுதறது. நீ சுகமா இருக்கணும்னு அந்தோணியாரை வேண்டிக்கிறேன். என் சுகத்தைப் பத்தித்தான் இந்தக் கடிதம்.

நீ குயிலாப்பாளையத்துக்கு கெஸ்ட் ஹவுஸ் சமையல் வேலைக்குப் போனதுல இருந்து உனக்கு ஒரு வரிகூட நான் எழுதினதில்லை. இப்ப எழுத வேண்டியதாயிடுச்சு. உப்பள ஆபீஸ்ல ஒரே லாரிக்கு ரெண்டு தடவை எடைச்சீட்டு குடுத்துட்டேன். இன்னொரு நாள் எடை மேடைக்கு எந்தப் பக்கம் போகணும்னே தெரியலை. வெயில்ல பாத்தியெல்லாம் வெள்ளை வெளேர்னு ஒரே மாதிரி கெடக்குது. வரப்புல நின்னுட்டேன். முதலாளி பாண்டிச்சேரிக்கு அழைச்சிட்டுப் போய் ஒரு டாக்டர்கிட்ட காட்டினார். மறதி நோயா இருக்கலாம், அல்சைமர்னு பேர், இப்பத்தான் ஆரம்பம்னு சொன்னாங்க.

அந்த ஆஸ்பத்திரியில இந்த நோய்க்கு ஒரு ஆராய்ச்சி நடக்குது. புது மாத்திரை. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாதாம். நோய் ஆரம்பத்துல இருக்கறவங்களைத்தான் சேர்ப்பாங்க. வயசு சரியா இருக்குது. படிக்கத் தெரியும். பக்கவாதம் வந்ததில்லை. எல்லாம் எனக்குப் பொருந்துது. ஒண்ணுதான் குறை. என்னை நல்லாத் தெரிஞ்சவங்க, அடிக்கடி பாக்கறவங்க ஒருத்தர் கூட வரணும். நான் எப்படி இருக்கேன்னு அவங்க டாக்டருக்குச் சொல்லணும். வீட்டுல யார் இருக்காங்கன்னு கேட்டாங்க. உன் பேரைக் குடுத்திருக்கேன்.

நேத்து சாயங்காலம் நீ வந்திருந்தப்பவே சொல்லணும்னு இருந்தேன். பேச்சு வேற எங்கேயோ போயிடுச்சு.

சவரிமுத்து

---

குயிலாப்பாளையம்
14-6-2005

மரக்காணத்து வீட்டுக்காரருக்கு லூர்துமேரி எழுதறது.

கடிதம் கெடச்சுது. உங்களுக்கு ஒடம்பு சரியில்லைன்னு தெரிஞ்சதும் மனசு கேக்கலை. மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்தினேன்.

ஆனா ஒண்ணு சொல்றேன். நான் நேத்தும் வரலை, அதுக்கு முன்னாடியும் வரலை. வேலைக்கு வந்ததுக்கப்புறம் அந்த ஊர் மண்ணை மிதிக்கலை. எதுக்கு வந்தேன்னு உங்களுக்கே தெரியும். நீங்க குடிச்சதில்லை, அடிச்சதில்லை. பேச மாட்டீங்க. சோறு போட்டா சாப்பிடுவீங்க, சட்டையைப் போட்டுக்கிட்டுப் போவீங்க. ஒரு மழைக்காலம் முழுக்க நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. நான் கிளம்பி நின்னப்பகூட 'போகாதே'ன்னு சொல்லலை. கூப்பிடவும் வரலை.

என்னால தெனமும் உங்களைப் பாக்க முடியாது. உங்க அக்கா மகன் அந்தோணிராஜைக் கேளுங்க. நான் வந்ததா எல்லாம் எழுதாதீங்க. படிக்கறப்ப ஒடம்பு ஜில்லுங்குது.

லூர்துமேரி

---

மரக்காணம்
20-6-2005

மேரிக்கு,

அந்தோணிராஜ் சென்னையில இருக்கான். கிறிஸ்துமஸுக்கு வருவான், ஈஸ்டருக்கு வருவான். அது போதாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அடிக்கடி பாக்கறவங்கதான் வேணுமாம்.

நீதானே அடிக்கடி வர்றே? வரலைன்னு ஏன் எழுதறே? அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாதுன்னா சரி, எதிர்வீட்டுக் கிழவியைத் தவிர நான் யாருக்கும் சொல்லலை. விளக்கு வைக்கிற நேரத்துல வந்து சுவரோரமா உக்காந்துக்கறே. நீ கிளம்பினப்ப கட்டியிருந்த அதே பச்சைப் புடவை. என்ன கேட்டாலும் சிரிக்கறே. நான் லாரிக்காரங்க கதை, முதலாளி சம்சாரம் கதை, என் அம்மா செத்த கதை எல்லாம் சொல்றேன். தட்டுல சோறு போட்டு வெக்கிறேன். நீ தொடறதில்லை. அது ஒண்ணுதான் எனக்கு வருத்தம்.

அந்தக் கிழவி சின்னப்பாப்பாதான் ஒரு மாதிரி பாக்குது. 'சுனாமியில கடல் கொண்டுபோனவங்க யாராவது திரும்பி வந்திருப்பாங்க, ஜாக்கிரதை'ன்னுது. எனக்கு என் பொண்டாட்டியைத் தெரியாதா?

ஆஸ்பத்திரிக்கு மட்டும் வந்துடு.

சவரிமுத்து

---

குயிலாப்பாளையம்
4-7-2005

வீட்டுக்காரருக்கு,

நேத்து பூசை முடிஞ்சு, சாயங்காலமா பஸ் ஏறி மரக்காணம் வந்தேன். நீங்க பாக்கலை. நான் கதவைத் தட்டலை.

தெருவுக்கு வந்ததுமே உங்க குரல் கேட்டுது. சத்தமாப் பேசறீங்க, சிரிக்கறீங்க. உண்மையைச் சொல்றேன், யாரோ ஒருத்தியைச் சேத்துக்கிட்டீங்கன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது. ஜன்னல் வழியாப் பாத்தேன். ரெண்டு தட்டு. ஒண்ணுல சோறு காஞ்சு கெடந்துது. நீங்க சுவரைப் பாத்து உக்காந்து, 'மேரி, அப்புறம் கேளு'ன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க. அப்படி ஒரு கொஞ்சலா என் பேரை நீங்க சொல்லி நான் கேட்டதே இல்லை.

சின்னப்பாப்பா வாசல்ல என்னைப் பாத்துட்டு சிலுவை போட்டுக்குச்சு. 'நீ உள்ளே இருக்கறதாச் சொன்னாரே'ன்னு கேட்டுது. நான் வெளியே நிக்கறேனா உள்ளே இருக்கேனான்னு ஒரு நிமிஷம் எனக்கே தெரியலை. ஓடி வந்து பஸ் ஏறிட்டேன்.

பஸ்ல வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். ஆஸ்பத்திரிக்கு நான் வர்றேன். இனிமே உங்ககூட அங்கேயே இருக்கப் போறேன்னும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. வேலையை விட்டுட்டு வர்றேன். ஆனா டாக்டர் கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவேன். எனக்குப் பொய் வராது.

லூர்துமேரி

---

மரக்காணம்
28-7-2005

என் மேரிக்கு,

ஆராய்ச்சியில என்னைச் சேத்துக்கலை. அதுக்குக் காரணம் ஒரு பொம்பளை.

ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு எங்கிருந்தோ வந்து பஸ்ல என் பக்கத்துல உக்காந்துக்கிச்சு. டாக்டர் 'இவங்க யாரு?'ன்னு கேட்டார். 'தெரியாதுங்க, என் சம்சாரம் வீட்டுல இருக்குது'ன்னேன். அந்தப் பொம்பளை அழுதுடுச்சு. அப்புறம் டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுச்சு. நான் சுவரோட பேசறேனாம், யாருக்கோ சோறு போட்டு வெக்கிறேனாம். டாக்டர் நல்ல மனுஷர், கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார். 'ஐயா, இந்த ஆராய்ச்சி ஆரம்பத்துல இருக்கறவங்களுக்கு மட்டும். நீங்க அதைத் தாண்டிட்டீங்க. இல்லாதவங்க கண்ணுக்குத் தெரியறாங்கன்னா இது வேற நோயாவும் இருக்கலாம். இதுல உங்களைச் சேக்க முடியாது. வேற மருந்து எழுதித் தர்றேன்.' அந்தப் பொம்பளை வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா எடம் கெடச்சிருக்கும்.

திரும்பி வர்றப்ப அதே பஸ்ல அதுவும் வந்துச்சு. நம்ம வீட்டுக்குள்ளயே வந்துடுச்சு. இன்னும் போகலை. பெருக்குது, துணி துவைக்குது. நெத்திலிக் கொழம்பு நல்லாத்தான் வெக்குது. மாத்திரையை எடுத்து என் கையில குடுக்குது. ஆனா அது வந்ததுல இருந்து நீ வர்றதே இல்லை. உன் எடத்துல அது உக்காந்துக்கிட்டு என் மூஞ்சையே பாக்குது. எனக்கு பயமா இருக்குது மேரி. அனுப்பிடட்டுமா? நீ சொன்னா அனுப்பிடறேன்.

இந்தக் கடிதத்தை ஒட்டி, அதுகிட்டயே குடுத்துப் பெட்டியில போடச் சொல்லியிருக்கேன். வேற ஆள் இல்லை.

உன் சவரிமுத்து

---

30-7-2005

அன்புள்ள உங்களுக்கு,

நீங்க எழுதினது என் கைக்கு வந்துடுச்சு. 'உன் சவரிமுத்து'ன்னு போட்டிருந்தீங்க. அதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

அவளை அனுப்பாதீங்க. பயப்படவும் வேணாம். அவ கெட்டவ இல்லை. டாக்டர்கிட்ட அவ சொன்னது உங்க நல்லதுக்குத்தான். உங்களுக்கு எடம் கெடைக்காமப் போச்சேன்னு அவளும் ராத்திரியெல்லாம் தூங்கலை.

நான் இதை எழுதறப்ப நீங்க வாசல்ல நின்னு உப்பளத்தைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. சட்டைப் பித்தானை மாத்திப் போட்டிருக்கீங்க. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு இனிமே நான் வர மாட்டேன். அந்த நேரத்துல நீங்க சுவரைப் பாக்கறதை அவளும் பாக்கறா. ஒரு நாள் அவளுக்கே அங்கே யாரோ மூச்சு விடற மாதிரி இருந்துதாம். விளக்கைத் தூக்கிக் காட்டினா. யாரும் இல்லை. ஆனாலும் அந்த எடத்துல அவ உக்காந்துக்கிட்டா. இனிமே எழுந்திருக்க மாட்டா.

என்கிட்ட சொல்ல வெச்சிருக்கற கதையெல்லாம் அவகிட்ட சொல்லுங்க. நான் வந்தா சும்மா சிரிப்பேன், அவ்வளவுதான். அவ பதில் பேசுவா. நீங்க போடற சோத்தைச் சாப்பிடுவா. அவளும் ரொம்ப வருஷமா யார் பேச்சையும் கேக்காம காஞ்சு போனவ.

அவ பேரைக் கேட்டுப் பாருங்க. சொல்லுவா. மறந்துட்டா மறுபடியும் கேளுங்க. கோவிச்சுக்க மாட்டா.

இப்படிக்கு,
உங்க மேரி