பல்லில்லாத கதிர்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், எனக்கு அதுதான் முதல் நினைப்பு. இங்கே எங்கள் உடம்புக்குக் குறையில்லை, அப்பாவுக்கு மூட்டுவலிகூடக் குறைந்திருக்கிறது, வேலை இல்லாததால் வந்த சுகம் என்று வைத்துக்கொள். போனில் நீ விளைச்சலைப் பற்றிக் கேட்டபோது பேச்சை மாற்றினேன் இல்லையா, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வருஷம் மக்காச்சோளம் எப்படி நின்றது தெரியுமா, ஆள் உள்ளே போனால் தலை தெரியாது, ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பாவும் விதையைப் பார்த்துப் பார்த்து வாங்கி, நேரத்துக்கு உரம் போட்டு, தண்ணீர் குறையாமல் பாய்ச்சிப் பிள்ளை மாதிரிதான் வளர்த்தார். பூ எடுத்த வாரத்தில் அந்த வெயில் வந்தது. பகலில் அடித்தது போதாதென்று பொழுது சாய்ந்தும் தணியவில்லை, வீட்டுச் சுவரைத் தொட்டால் அடுப்பைத் தொட்ட மாதிரி சுட்டது. அப்புறமும் பயிர் பச்சையாகவே நின்றதால் தப்பித்தோம் என்று நினைத்தோம். அறுப்புக்கு ஆள் சொல்லும் முன் அப்பா ஒரு கதிரை ஒடித்து மட்டையை உரித்தார், உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மணி. நான் டீ எடுத்துக்கொண்டு போனபோது ஒரு வரிசை முழுக்க உரித்துக்கொண்டே போயிருந்தார், காலடியெல்லாம் மட்டை. ஒரு கதிரை என்னிடம் நீட்டி, என் வாயிலகூட இதைவிட அதிகமா பல்லு இருக்கு பாரு என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

விவசாய அதிகாரி வந்து பார்த்தாள், உன்னைவிட இளையவள். பூவில் இருந்த மகரந்தம் அந்தச் சூட்டில் செத்துப்போச்சு, அப்புறம் மணி எப்படிப் பிடிக்கும், உங்க மேல ஒரு தப்பும் இல்ல ஐயா என்று ஆறுதலாகத்தான் சொன்னாள். அப்பாவால் தாங்க முடியாதது அதுதான். தப்பு இருந்தா அடுத்த வருஷம் திருத்திக்கலாம், தப்பே பண்ணலன்னா எதைத் திருத்துறது என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். மலையில் இருக்கும் உன் மாமாவுக்குப் போன் போட்டு, அங்கே வந்து ஏதாவது பயிர் செய்யலாமா என்றுகூடக் கேட்டுப் பார்த்தார். அங்கே குளிர் போதாமல் ஆப்பிள் மரங்கள் பாதி பூக்கவே இல்லையாம். இன்னும் மேல போய் நடலாம்னா அதுக்கு மேல மலையே இல்ல மச்சான் என்று மாமா சொன்னார். கடலோரத்தில் அத்தை வீட்டுக் கிணற்றிலும் உப்பு ஏறி நாற்று கருகிவிட்டதாம்.

அந்தக் குளிர் நாட்டிலிருந்து நீ அனுப்பிய போட்டோ, முன்பெல்லாம் பனியில் ஒன்றும் விளையாத உங்கள் பக்கத்து நிலத்தில் இப்போது மக்காச்சோளம் விளைகிறதே, அதைக் காட்டலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். மனசு நோகும் என்று நான் பயந்தால், நல்லா மணி பிடிச்சிருக்கு, கொஞ்சம் நெருக்கி நட்டுட்டாங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாளே பயிரை மாட்டுத் தீவனத்துக்கு வெட்டிக் கொடுத்துவிட்டார். மறுபடி விதைக்கவில்லை, விதைக்கப் போவதாகவும் தெரியவில்லை.

நீயும் அங்கே வரச்சொல்லி எத்தனையோ தடவை கூப்பிட்டாய், தண்ணி யார் பாய்ச்சுறது என்று கேட்டு அப்பா உன் வாயை அடைத்துவிடுவார். நேற்று அவராகவே, பொண்ணு கூப்பிட்டா போயிட்டு வரலாமா என்றார். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பாவை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடு, வருகிறேன் என்பார். சந்தோஷத்தில் குதித்துவிடாதே கண்ணு. நிலத்தை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று வாய் தவறியும் கேட்டுவிடாதே.

உன் அம்மா