ஐஸில் வைக்காத ரத்தம்

தம்பிக்கு,

இன்றும் ஆய்வகத்தில் அறுபது பேருடைய ரத்தம். கை அதுபாட்டுக்கு வேலை செய்கிறது.

அன்று நான் எடுத்த உன் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருளின் அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. சிறுநீரகம் கெட்டால் அது ஏறும். எடுத்த ரத்தத்தை ஐஸில் வைக்காவிட்டாலும் அது தானாகவே ஏறும். வைக்க மறந்தவள் நான். "ஒண்ணும் இல்லடா, என் தப்புதான். போய் வேலையைப் பாரு" என்றேன். மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை. உன் சிறுநீரகம் அப்போதே கெட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது வாரம் மூன்று நாள் உனக்கு டயாலிசிஸ். "அவர் உங்க பேச்சையே எடுக்க விடறதில்ல, அண்ணி" என்றாள் உன் மனைவி.

என் சிறுநீரகம் உனக்குப் பொருந்துமா என்று பார்த்தார்கள். பொருந்துகிறதாம். இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். "எதுக்குங்க? சரியாத்தானே இருக்கு" என்றார் டாக்டர்.

இரண்டாம் தடவையும் பொருந்தியது. என்றைக்கு வரட்டும் என்று மட்டும் சொல்.

அக்கா