பொட்டு வைத்த போர்டும் என் புரோகிராமும்

பாசமுள்ள அண்ணனுக்கு,

பாசம் என்ற வார்த்தையைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். உன் படத்துக்கு மாலை போட்டு ஏழு மாதம் ஆகிறது. செத்தவர்களைத் திட்டக்கூடாதாம். அப்படியானால் நீ உயிரோடு இருந்து என்னைத் திட்டியதையெல்லாம் நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

போன வாரம் ராயபுரம் ஐஸ் கம்பெனி முதலாளி, பழைய சாமான்களை ஒழித்தபோது கிடைத்தது என்று நம் பழைய கன்ட்ரோல் போர்டைக் கொடுத்தனுப்பினார். ஞாபகம் இருக்கிறதா? தண்டையார்பேட்டை பட்டறையில் நீ சாலிடர் வைத்தாய். அதன் சிப்புக்கு நான் புரோகிராம் எழுதினேன். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் சிப் சொல்லும், டிரான்சிஸ்டர் ரிலே என்ற சுவிட்சை இழுக்கும், பம்பு ஓடும். அவ்வளவுதான் அதற்கு வேலை.

ஆயுத பூஜை முடிந்த பத்தாம் நாள் அந்தப் பம்பு தானாக ஓட ஆரம்பித்தது. தொட்டி வழிந்து, தரையில் அடுக்கியிருந்த உப்பு மூட்டையெல்லாம் கரைந்தது. முதலாளி, வேலையாட்கள், ஐஸ் வாங்க வந்த மீன்காரர்கள், அத்தனை பேர் முன்னாலும் நீ என்ன சொன்னாய்?

"போர்டுல ஒண்ணும் இல்ல சார். என் தங்கச்சி எழுதுன புரோகிராமுதான் பேஜாரு பண்ணுது."

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். புரோகிராமைப் பதினோரு முறை மாற்றி எழுதினேன். அப்போதும் பம்பு தானாக ஓடியது. கடைசியில் முதலாளி போர்டையே கழற்றிவிட்டு சாதா சுவிட்ச் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு, "அந்தப் பொண்ணு புரோகிராமா? வாணாம்பா" என்று சொல்லாத கம்பெனி திருவொற்றியூர் வரைக்கும் இல்லை. இன்றைக்கு நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் சொல்லிக்கொடுக்கிறேன். உனக்கு மட்டும் ஆர்டர் வந்துகொண்டே இருந்தது.

இப்போது கேள். அந்தப் போர்டைத் துடைக்காமல் அப்படியே மேஜையில் வைத்தேன். சாக்கெட்டிலிருந்து சிப்பைப் பிடுங்கிவிட்டேன். சிப்பே இல்லை, புரோகிராம் எங்கிருந்து வரும்? கரண்ட் கொடுத்தேன், சும்மா இருந்தது. ஐஸ் கம்பெனி ஈரம் வீட்டில் ஏது என்று, கிட்டே குனிந்து வாயால் ஊதினேன். டக்கென்று ரிலே இழுத்தது.

டிரான்சிஸ்டர் காலையும் பன்னிரண்டு வோல்ட் லைனையும் சேர்த்து அப்பியிருந்தது, நீ பூஜைக்கு வைத்த சந்தனக் குங்குமப் பொட்டு. காய்ந்திருக்கும்வரை அது சாது. ஈரம் பட்டதும் அதன் வழியாகக் கரண்ட் கசிந்து டிரான்சிஸ்டரைத் தட்டி எழுப்புகிறது. பெயின்ட் தின்னர் தொட்டுச் சுரண்டி எடுத்துவிட்டு, மூச்சு முட்டும்வரை ஊதிப் பார்த்தேன். ரிலே அசையவில்லை.

தெரியாமல் செய்தாய் என்றால் மன்னித்திருப்பேன். ஆனால் அடுத்த வருஷப் பூஜையில் மற்ற போர்டுகளுக்கெல்லாம் பொட்டைப் பெட்டி மூடியில் மட்டும் வைத்தாயே! ஏன் என்று கேட்டதற்கு, "உள்ள வெச்சா கலீஜா கீது" என்றாய். அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்கிறது. தங்கச்சி பேர் போனால் போகட்டும், அப்படித்தானே? ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன கேடு வந்தது?

அண்ணியிடம் சொன்னேன். அழுதார்.

"செத்தவரு மானத்த இன்னாத்துக்கும்மா வாங்குற?"

"உசுரோட கீற என் மானம், அண்ணி?"

இதற்கு நீயாவது பதில் சொல்வாயா?

நாளைக் காலை சந்தனத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு ஐஸ் கம்பெனிக்குப் போகிறேன். அதே இடத்தில் பொட்டு வைத்து, காயவிட்டு, காலி சாக்கெட்டைக் காட்டி, அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தவர்களையே ஊதச் சொல்வேன். ரிலே இழுத்ததும், இது என் அண்ணன் செய்த தப்பு, தெரிந்தே மறைத்த தப்பு என்று சொல்வேன். அழுகை வரும், எனக்குத் தெரியும். அழுதுகொண்டே சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த, தப்பில்லாமல் புரோகிராம் எழுதிய தங்கச்சி